போயிட்டு வரேன் என்ற பொத்தான்

காலையில் மகள் வேலைக்குக் கிளம்பும்போது "போறேன்ப்பா" என்றாள். அடுப்படியிலிருந்து என் மனைவி, "போயிட்டு வரேன்னு சொல்லுடி" என்றாள். சொன்னாள். படி இறங்கினவள் ஹெல்மெட்டுக்காகத் திரும்பி வந்தாள். அப்புறம் சார்ஜருக்கு. எனக்குக் கப்பல் ஞாபகம் வந்து எரிச்சலாகிவிட்டது.

கடல் கப்பல் இல்லை. விண்வெளிக் கப்பல். சிரிக்காதீர்கள். ஒன்பதாவதோடு நின்றவன் நான். ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ் மாறித் தொம்மலூர் போய், ஒரு மாடியில் நாள் முழுக்க போனில் கேம் ஆடினேன். எங்கே உடைகிறது என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை. கீழே பேக்கரி. இன்றைக்கும் பன் வாசனை வந்தால் கட்டைவிரல் வலிக்கிறது.

தமிழ் கேம். ஜனங்களைக் கப்பலில் ஏற்றி வேறு நட்சத்திரத்துக்கு அனுப்பிக் குடியேற்ற வேண்டும். எந்த வழி, எவ்வளவு எரிபொருள் என்று விதி எழுதுவது ஷைலா மேடம். வேலூர்க்காரர். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நாகராஜ். கன்னடக்காரர், தமிழ் பேசுவார். வெள்ளிக்கிழமை பணம் போடுகிறவர் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் கம்பெனி கிடையாது.

கப்பல் கிளம்பும் பொத்தானுக்கு மேடம் 'போயிட்டு வரேன்' என்று பெயர் வைத்தார். விதியிலும் அதையே எழுதினார். நாகராஜ் அப்படியே செய்துவிட்டார். கப்பல் போனது. வந்தது. குடியேறப் போன ஜனமெல்லாம் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து நின்றது.

"கப்பல் திரும்பி வருது மேடம்" என்றேன்.

"போயிட்டு வரேன்னுதானே போட்டிருக்கு? வருது" என்றார் நாகராஜ்.

"அது சும்மா சொல்றது நாகராஜ்."

"எங்க கன்னடத்துலயும் ஹோகி பர்த்தீனிதான் மேடம். ரூல்ல யாராவது சும்மா எழுதுவாங்களா? நட்சத்திரம் என்ன மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டா? 'போறேன்'னு மாத்துங்க."

"எழவு வீட்டுலேருந்துதான் வரேன்னு சொல்லாம போவாங்க. பேர மாத்த முடியாது."

வேலை அப்படியே கிடந்தது. பேருக்குத்தான் சண்டை. நடுவில் நான், திரும்பி வருகிற கப்பலைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டு.

வியாழன் சாயங்காலம் நாகராஜ் இறங்கி வந்தார். "பேரு இருக்கட்டும். வர்றத எடுத்துடறேன்." எடுத்தார். பக்கத்து நட்சத்திர வழிக்கு மட்டும் எடுத்தார். தூரத்து வழிக்குத் தனி விதி. அதை மறந்தார். மறுநாள் பணம் போடுகிறவர் வந்து நேராகத் தூரத்து நட்சத்திரத்தைத்தான் தொட்டார்.

"போனவங்க ஏன் திரும்பி வர்றாங்க?"

"வீட்டு ஞாபகம் சார்" என்றார் மேடம்.

அவர் நன்றாகச் சிரித்தார். பன் சாப்பிட்டார். வாசலில் "வரேம்மா" என்றார். வரவில்லை.

அந்த மாடியில் இப்போது பல் டாக்டர். பேக்கரி போய்விட்டது. கேம் எந்த போனிலும் இல்லை.

கடைசி நாள் நாகராஜ்தான் முதலில் பையை எடுத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, "போறேன் மேடம்" என்றார்.

மேடம் திருத்தவில்லை.