தகட்டைக் கோணலாக்கிய மத்தியானம்

மோட்டார் ரிப்பேர் கடையில் அவளைக் காயில் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பகலெல்லாம் பம்புக்கும் ஃபேனுக்கும் காயில் கம்பி சுற்றுவாள். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. பிளக்கில் செருகினால் ஓடும் பழைய அலாரம் கடிகாரங்கள், அவள் வயதைத் தாண்டியவை, சமையலறை அலமாரியில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"சர்க்கரை டப்பாவைத் திறந்தா பல்சக்கரம் இருக்கு. டீயில எதைப் போட?" என்பார் கணவர்.

"அதையே போட்டுக் குடிங்க. அப்பவாவது நேரத்துக்குக் கிளம்புவீங்க."

பசையாய் இறுகிப்போன எண்ணெயை வழித்து, தீய்ந்த காயிலைப் பிரித்து, முடியைவிட மெல்லிய கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுவாள். கடைசியில் ஒரு மர இழுப்பறையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கடிகாரத்தை வைத்து அலாரம் அடிக்கவிடுவாள். பக்கத்து அறையில் கணவர் காதைப் பொத்திக்கொண்டால் வேலை முடிந்தது என்று கணக்கு. அவள் கொடுத்த கடிகாரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

முதல் பஸ் ஓட்டும் டிரைவருடைய கடிகாரம்தான் அந்தப் பேரைக் கெடுத்தது. ரிப்பேர் பண்ணி வாங்கிப்போன அதே வாரத்தில், காலை வண்டி முடிந்த கையோடு கடை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ரெண்டு நாள் தூங்கிட்டேன். இன்னொரு நாள் லேட்டானா முதல் பஸ்ஸை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

அந்தப் பஸ் கைவிட்டுப் போனால் அவருக்குச் சாயங்கால வண்டிதான். மனைவிக்கும் மத்தியானத்துக்கு மேல்தான் துணி ஆலையில் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வரும் சின்ன மகளுக்குக் கதவைத் திறக்க ஆள் இருக்காது.

"போன்ல அலாரம் வெக்கக் கூடாதா?"

"தூக்கத்துலயே தடவி அணைச்சிடுறேன் அக்கா. கடிகாரம்னா பின்னாடி குமிழைப் பிடிச்சு இழுக்கணும், முழிப்பு வந்துடும்."

காயில் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள்.

சிமெண்டுப் பலகையில், நாலாய் மடித்த துண்டின்மேல் கடிகாரம் உட்கார்ந்திருந்தது. அலாரத்தைத் தட்டிவிட்டாள். தொண்டை கட்டியவன் முனகுவது போல ஒரு சத்தம் வந்தது.

"துண்டு எதுக்கும்மா?"

"முன்னாடியெல்லாம் ராத்திரி முழுக்க உர்ருனு இரைஞ்சுக்கிட்டே கிடக்குமே அக்கா, அதுக்குத்தான் போட்டேன்" என்றாள் டிரைவரின் மனைவி, வேலைக்குக் கிளம்பப் பின்னலைப் போட்டபடி.

துண்டை உருவிவிட்டு மறுபடி தட்டினாள். கொஞ்சம்தான் கூடியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் வீட்டில் அலறியது கடிகாரம் மட்டுமல்ல, அடியில் கவிழ்த்திருந்த மர இழுப்பறையும்தான். காயிலுக்குப் பக்கத்தில் நடுங்கிச் சத்தம் போடும் இரும்புத் தகடு முன்பு கோணலாக இருந்தது. அது கடிகாரக் கூட்டில் மோதி மோதித்தான் இத்தனை வருடம் இந்த மனுஷனை எழுப்பியிருக்கிறது. அவள் அரை நாள் உட்கார்ந்து அதை நூல் பிடித்தாற்போல் நிமிர்த்தி வைத்திருந்தாள்.

பிளக்கைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றினாள். தகடு பளபளவென்று இருந்தது. இடுக்கியால் பிடித்து அதன் நுனியை வளைத்தாள்; மூடியைப் பூட்டி, பிளக்கைச் செருகினாள்.

"தம்பி, நீங்க தூங்குற மாதிரியே படுங்க. அஞ்சு நிமிஷத்துல அடிக்கிற மாதிரி வெக்கிறேன்."

"இப்பவா? வெட்கமா இருக்கே அக்கா."

"நானும் கல்யாணமானவதான். படுங்க."

வலது காதைத் தலையணையில் அமுக்கிக்கொண்டு படுத்தார். இடது காது வண்டி இரைச்சலில் கொஞ்சம் மந்தம். இரண்டு நிமிடத்தில் குறட்டை கேட்டது.

"நடிக்கிறாரா?"

"அவருக்கு நடிக்க வராது அக்கா" என்றாள் மனைவி.

இருவரும் கட்டில் ஓரமாக நின்றார்கள். இப்போதும் எழவில்லையென்றால் செய்யக் காயில் அக்காவிடம் வேறு வழி இல்லை.

தகரத்தில் ஆணி உரசியது போல அலாரம் கத்தியது. டிரைவர் துள்ளி எழுந்தார். கண்ணைத் திறந்தும் திறக்காமலும் சட்டையை மாட்டினார், செருப்பில் கால் நுழைத்தார், சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருக்கதவைத் திறந்தார். சுள்ளென்று வெயில் முகத்தில் அடித்தது.

"ஐயா, முதல் பஸ் போய் எட்டு மணி நேரம் ஆச்சு" என்றாள் மனைவி. "உள்ள வந்து முதல்ல அந்தச் சனியனை நிறுத்துங்க!"