வெந்நீர்ப் பையும் மேனேஜரும்

ஓர் உயிரை இன்னோர் உயிரின் கையில் ஒப்படைக்கலாம் என்று எதை வைத்து முடிவு செய்வது? லிஃப்ட் அக்காவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தது. வேலை இடத்தில் அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. வீட்டில் இல்லை.

அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் தொழில். வயதில் மூத்த வாட்ச்மேன்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சரி செய்த லிஃப்டில் அவள் உடனே ஆளை ஏற்றமாட்டாள். இரும்பு எடைகளை அடுக்கி மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பாள். பிறகு அளவுக்கு மீறி அடுக்கி, அது மணியடித்து நகர மறுக்கிறதா என்று பார்ப்பாள். கடைசியில் தான் மட்டும் ஏறிப் போய்விட்டு வருவாள். அதுவரை குடியிருப்பவர்கள் காய்கறிப் பையோடு நின்று முணுமுணுப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். ஓட வைப்பது பெரிய காரியமில்லை, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்பதுதான் பேச்சு என்பாள். கெட்டிக்காரி என்று அவளைச் சொல்லலாம். பிடிவாதக்காரி என்றால் இன்னும் பொருத்தம்.

அவளுக்கு ஒரே மகள். அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. வாலுவுக்கு வேண்டியது ஒரு பூனை. பொம்மை, மிட்டாய், புதுச் சட்டை எதைக் காட்டிப் பேச்சை மாற்றினாலும் சுற்றி வளைத்துப் பூனையில்தான் வந்து நிற்பாள்.

அம்மா தட்டிக் கழித்ததற்குக் காரணம் இருந்தது. போன வருடம் எதிர்வீட்டில் ஒரு பூனைக்குட்டியைப் பார்த்த சந்தோஷத்தில் வாலு அதைக் கட்டிப்பிடித்துவிட்டாள். அது அலறியது. பிரித்தெடுப்பதற்குள் அதன் பின்னங்கால் பிசகிவிட்டது. கொஞ்ச நாள் நொண்டியே திரிந்தது. பாசமாகத்தானே பிடித்தேன் என்று வாலு ஏங்கி ஏங்கி அழுதாள். அவள் சொன்னது உண்மை என்பதுதான் அம்மாவைப் பயமுறுத்தியது. முரட்டுத்தனமாக இருந்தால் அதட்டி நிறுத்தலாம். பாசத்தை எங்கே பிடித்து நிறுத்துவது? அன்றிலிருந்து வீட்டில் ஒரே பதில்தான்: “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.”

அந்தக் கொஞ்ச நாள் திடீரென்று ஒரு முடிவுக்கு வந்தது. அவள் வழக்கமாகப் போகிற கட்டடம் ஒன்றில், மொட்டை மாடிப் படிக்கட்டு முடிகிற இடத்தில், லிஃப்ட் மோட்டார் அறைக்கு வெளியே ஒரு கிழட்டுப் பூனை இருந்தது. அறைக் கதவின் இடுக்கு வழியாக வரும் வெதுவெதுப்புக்காக அங்கேயே கிடக்கும். ஒரு காது பாதி கிழிந்திருக்கும். யாரையும் தொடவிடாது. ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டே இருப்பதால் வாட்ச்மேன் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார். மேனேஜர் போட்ட குட்டிகளில் இரண்டை மூன்றாம் மாடிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். வரிபோட்ட குட்டி ஒன்று மிச்சம். படிக்கட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம், வார முடிவுக்குள் பூனைகளை அப்புறப்படுத்து என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து வாட்ச்மேனுக்கு உத்தரவு வந்தது.

வரிக்குட்டியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் என் பேத்திக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று அவர் அக்காவிடம் சொன்னார். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வீட்டுக்கு வந்து, தனக்குத் தெரிந்த வழியில் சோதனையைத் தொடங்கினாள். வெந்நீர்ப் பையில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி அதற்கு மாட்டி, வாலுவிடம் கொடுத்தாள். இதைக் கீழே போடக்கூடாது, இறுக்கக்கூடாது, தூங்க வைக்க வேண்டும்.

வாலு அசத்திவிட்டாள். பையை மடியில் கிடத்தித் தடவினாள். ஆறிப்போனால் குளிர்கிறதாம் என்று ஓடிவந்தாள். பள்ளிக்குப் போகும்போது பத்திரமாகத் தலையணைமேல் வைத்துவிட்டுப் போனாள். அம்மாவின் மனம் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லிவிட்டது.

ரொட்டி வண்டி ஓட்டுகிற கணவர் மதியம் வீடு திரும்பி, இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

“ஏம்மா, புள்ளையையும் லிஃப்ட் மாதிரி எடை வச்சுப் பாக்கிறியா?”

“ஏங்க, பாக்காம எப்படிக் கொடுக்கிறது?”

“பாரு, பாரு. ஆனா அந்தப் பை எங்க எந்திரிச்சு ஓடப் போகுது?”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுரீர் என்றது. விட்டுவிடு என்று ஒருநாளும் கேட்காத ஒன்றை வைத்து அவள் மகளைச் சோதித்திருக்கிறாள். தூக்கத் தெரியுமா என்று பார்த்தாயிற்று. நிற்கத் தெரியுமா என்று பார்க்கவேயில்லை. வேலையில் ஒரு நாளும் செய்யாத தவறு.

மறுநாள் விடுமுறை. வாலுவை அந்தக் கட்டடத்துக்குக் கூட்டிப்போய் மேல்படியில் உட்காரவைத்தாள். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாலு படி கீழே நின்று, பாய்ந்து பிடிக்கத் தயாராக இருந்தாள்.

மோட்டார் அறைக் கதவோரம் மேனேஜர் முறைத்துக்கொண்டு கிடந்தது. வரிக்குட்டி தள்ளாடி வந்து வாலுவின் செருப்பை மோந்தது. வாலுவின் கை தானாக நீண்டது. குட்டி உடம்பைச் சுருக்கிக்கொண்டு பின்வாங்கியது. கை அந்தரத்தில் நின்றது. விரல்கள் மட்டும் துடித்தன. பிறகு வாலு அந்தக் கையை மெல்ல இழுத்து, இன்னொரு கையையும் சேர்த்து, இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

குட்டி மறுபடி வந்தது. முழங்காலில் ஏறி இறங்கியது. மேனேஜரிடம் திரும்பிப் போய் அதன் வயிற்றோரம் படுத்துக்கொண்டது. வாலு அசையவில்லை. அழுவதற்கு முந்தின முகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏன்டி கை மேல உக்காந்திருக்க?” என்றாள் அம்மா.

“இல்லன்னா கை போயிடும்மா. போகாதன்னா கேக்க மாட்டேங்குது.”

லிஃப்ட் அக்கா படியில் உட்கார்ந்தாள். எத்தனையோ பிரேக்குகளைக் கழற்றிப் பூட்டியிருக்கிறாள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் யோசித்துச் செய்து, யாரோ ஒருவர் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். இதை மாட்டியது யார்? அவள் இல்லை. எப்போது நடந்தது? தான் தினமும் தலைவாரி விடுகிற பிள்ளைக்குள், தனக்குத் தெரியாமல் இவ்வளவு பெரிய வேலை நடந்து முடிந்திருக்கிறது. ஆசை கொஞ்சமும் குறையவில்லை. விரல்கள் துடித்ததை அவளே பார்த்தாள். அந்த ஆசையின்மேல்தான் குழந்தை ஏறி உட்கார்ந்திருந்தாள். பாதாளத்தை எட்டிப் பார்ப்பதுபோல அவள் மகளின் குட்டை முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே வந்ததும் வாட்ச்மேன் ஓர் அட்டைப்பெட்டியை நீட்டினார். “குட்டிய எடுத்துட்டுப் போக்கா. பாப்பா முகமே சொல்லுது. மேனேஜரை எங்கயாவது சந்தைப் பக்கம் விட்டுட்டு வந்துடறேன். அந்த மூஞ்சிய யாரு வாங்குவா?”

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, வாலுவை அவர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மறுபடி மேலே போனாள். வர வெகுநேரம் ஆகவே வாட்ச்மேன் மேலே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவள் இறங்கி வந்தபோது பெட்டி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இடது கையில் குட்டி இருந்தது. அதை வாட்ச்மேன் கையில் வைத்து, உங்கள் பேத்திக்குக் கொடுங்கள், குட்டியை யாரும் வாங்கிக்கொள்வார்கள் என்றாள்.

வீட்டில் கயிற்றை அவிழ்த்ததும் மேனேஜர் சீறிக்கொண்டு வெளியே பாய்ந்து கட்டிலுக்கடியில் புகுந்தது. வாலு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கட்டிலடி இருட்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தரையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

“போயும் போயும் இதை ஏன்டி கொண்டு வந்த?” என்று கணவர் அன்றும் கேட்டார், பிறகு பல வருடங்களும் கேட்டார். அவள் சொன்ன பதில் மாறவேயில்லை: “அன்னைக்கு அதுதான் பெட்டியில ஏறிச்சு.” அந்தக் கிழட்டுப் பூனையைப் பிடிக்க அவள் மொட்டை மாடி முழுக்க ஓடியதையும், கிழிந்த சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு இறங்கி வந்ததையும் வாட்ச்மேன் மட்டும் பார்த்திருந்தார்.