ஒன்றை ஏற்காத மெஷின்

எண்பதுகளின் நடுவில் எங்கள் தோட்ட ஆபிசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பினாங்குப் பக்கம் செர்டாங்கிலிருந்து உள்ளே போகும் ரப்பர் தோட்டம். அதே வருடம் மேட்டில் புதுக் கல்வீடுகள் கட்டி முடித்தார்கள். யாருக்கு எந்த வீடு என்று கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்கும் என்றார் தோட்டத் துரை.

எனக்கு அந்த வீடு வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகள் பள்ளத்தில் இருந்தன. ஆறு ஏறினால் அடுப்படிக்குள் தண்ணீர் வரும். மனைவிக்குப் பக்கவாதம். முந்தின வெள்ளத்தில் அவளை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன்.

வீடு கிடைத்தவர்கள் பெயரைக் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, வாசித்தார்கள். என் பெயர் வரவில்லை. ஆபிசில் கணக்கெழுதும் பெரிய கிராணியிடம் போய்க் கேட்டேன்.

"உன் நம்பரை மெசின் எடுக்க மாட்டேங்குது லா. நான் என்ன செய்ய?"

"இத்தனை வருசமா பெரட்டுல கூப்பிட்ட நம்பர். இப்ப மட்டும் எடுக்காதா?"

"என்னைக் கேக்காத. அதைக் கேளு."

நான் நம்பவில்லை. அவரும் நானும் ஒரே சபை. சபைக் கமிட்டிக்கு அவர் நின்றபோது நான் கை தூக்கவில்லை. அவர் அதைப் பார்த்தார். கை தூக்காதவனுக்கு வீடு இல்லை. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மனைவிக்குப் பேச்சு குழறும். புத்தி தெளிவு.

"ஜெபம் பண்ற மனுசன். அப்படிச் செய்வாரா?"

"ஜெபம் பண்றப்ப ஒரு கண்ணைத் திறந்து வெச்சிருப்பாரு. நான் பார்த்திருக்கேன்."

"அப்ப உங்க கண்ணும் திறந்துதானே இருந்துச்சு?"

மறுநாள் வெட்டின ரப்பர் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு ஆபிசுக்குப் போனேன். என் கண் முன்னால் நம்பரை அடிக்கச் சொல்லிக் கிராணியிடம் கேட்டேன். என் நம்பர் 1011. ஓங்கி ஓங்கித் தட்டினார். திரையில் சரியாகத்தான் தெரிந்தது. உடனே மெஷின் கத்தியது, நம்பர் மறைந்தது. அவருக்கு வேர்த்தது. வேர்ப்பதுகூட நடிப்பாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

வெளியே தண்ணீர் வண்டி ஓட்டுபவர் நின்றார். மெதுவாகக் கேட்டார்.

"உனக்கும் இல்லையா? எனக்கு ஏன் இல்லேன்னு தெரியும். அவரு கோழியை என் நாய் கடிச்சிருச்சு."

பக்கத்தில் நின்ற பால்வெட்டும் அக்கா சொன்னார்: "அவரு தம்பிக்கு என் பொண்ணைக் கேட்டாரு. கொடுக்கல. அதான்."

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.

கம்ப்யூட்டரைப் பார்க்கப் பினாங்கிலிருந்து ஒரு பெண் வந்தார். தமிழ்ப் பெண். நாங்கள் மூவரும் கதவோரம் போய் நின்றோம். அவர் கிராணியை அடிக்கச் சொல்லி, விரலைப் பார்த்தார்.

"சார், ஒண்ணுக்கு எதைத் தட்டுறீங்க?"

"இதைத்தான். சர்வீஸ் முழுக்க இதைத்தான்."

கிராணி தட்டியது ஆங்கில எல் எழுத்து. அவருடைய பழைய டைப்ரைட்டரில் ஒன்றுக்குத் தனிப் பொத்தான் கிடையாது. சின்ன எல்தான் ஒன்று. தோட்டத்தின் மற்ற டிவிஷன் நம்பர்களை டைப்ரைட்டரே தொடாத சின்னக் கிராணி அடித்தான். அவையெல்லாம் ஏறிவிட்டன. அவர் அடித்த எங்கள் டிவிஷனில், எங்கள் மூவரைப் போல நம்பரில் ஒன்று உள்ளவர்கள் மட்டும் வெளியே.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றேன்.

"நம்ம கண்ணுக்கு அப்படித்தாண்ணே. மெசின் உருவத்தைப் பார்க்காது. எது எந்த வகைன்னு உள்ள பிரிச்சு வெச்சிருக்கு. இது எழுத்து வகை, அது இலக்க வகை. இலக்கம் கேக்குற இடத்துல எழுத்தைக் கொடுத்தா தள்ளிடும்."

"கடைப் பலகையில அரபு மாதிரி ஜாவி எழுத்துல நம்பர் போட்டிருக்கே, அது?"

"அதுவும் இலக்கம்தான். இந்த மெசினுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கல."

சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அந்தப் பெண் கீபோர்டுக்குக் குனிந்தார்.

மேல் வரிசையில் இருந்த ஒன்று இலக்கத்தைத் தட்டினார். என் நம்பர் ஏறியது. கத்தவில்லை.

"அப்போ கோழி?" என்றார் தண்ணீர் வண்டிக்காரர்.

"அது தனி கேஸ். அதை மறக்கல" என்ற கிராணி என் பக்கம் திரும்பினார். "இப்பவாவது நம்புறியா?"

"வீட்டுக்குள்ள போனப்புறம் சொல்றேன்."

"சந்தேகப் பிசாசு லா நீ."

மழைக்கு முன்னால் சாவி கிடைத்தது. மனைவியைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து மேட்டில் ஏற்றினேன். பாதி வழியில் கிராணி வந்து ஒரு பக்கம் பிடித்தார். மேலே போகும்வரை அவர் கையைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன்.

சாவியைப் போட்டேன். கதவு திறந்தது. தரை காய்ந்து கிடந்தது.

"நம்புறேன்" என்றேன்.