தங்கைக்கு எடுத்து வைத்த ஊசி

அவள் கையால் ஊசி போட்டுக்கொண்டு வெளிநாடு போனவர்களை வரிசையாக நிறுத்தினால் துறைமுகத்து மதில் போதாது. அவளோ விமானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததோடு சரி. துறைமுகத்தை ஒட்டிய தடுப்பூசி நிலையத்தில் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போடும் நர்ஸ் அவள். வேலை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். மனசுக்குள் ஒரே ஒரு முள் கிடந்தது. அது அவள் தங்கை.

'நீ பெரியவ, விட்டுக்கொடு' என்று அம்மா சொல்லிச் சொல்லி, விட்டுக்கொடுத்தே அவளுக்கு நாற்பது வயதாகிவிட்டது. ஜன்னல் ஓரக் கட்டில் தங்கைக்கு. பட்டப்படிப்பு தங்கைக்கு. இப்போது தூர தேசத்தில் கம்பெனி வேலை, வீடு, கார், அதுவும் தங்கைக்கு. அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் இவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. "கொசுக்கடி வாங்கப் போறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று பாத்திரங்களிடம் கேட்டாள்.

அந்தத் தேசத்தில் மஞ்சள் காய்ச்சல் உண்டு. ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாமல் அங்கே போக முடியாது. ஆகவே தங்கையும் ஒரு நாள் காலை அக்காவின் நிலையத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். புதுச் செருப்பு வேறு.

வந்திருந்தவர்களிடம் நர்ஸ் வழக்கமான பாட்டைப் பாடினாள். "நம்ம ஊர்ல கொசு இருக்கு, இந்தக் காய்ச்சல் இல்ல. நீங்க ஒருத்தர் ரத்தத்துல கொண்டுவந்தா போதும், மிச்சத்தை நம்ம கொசு பாத்துக்கும். அதனால இது உங்களுக்கு மட்டும் போடுற ஊசி இல்ல, இங்க இருக்கிற எங்களுக்கும் சேத்துத்தான்."

பிறகு மருந்தைக் கலக்கினாள். ஒவ்வொருவரிடமும், "முட்டை ஒத்துக்குமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மருந்து முட்டையில் வளர்த்தது; முட்டை ஒத்துக்காதவர்களுக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

"ஒத்துக்கும்" என்றாள் தங்கை, சுவரைப் பார்த்து.

"பொய் சொல்லாதடி. கேக் தின்னு மூச்சு முட்டினப்ப உன்னைத் தூக்கிட்டு ஓடினது யாரு?"

"அது சின்ன வயசுலக்கா. இப்ப விட்டா வேற ஆளை அனுப்பிடுவாங்க. ப்ளீஸ், போட்டுடு."

'இவள் போக மாட்டாள்' என்று நர்ஸின் மனசு ஒரு துள்ளு துள்ளியது. அந்தத் துள்ளலைப் பார்த்து அவளே வெலவெலத்துப் போனாள். நிலையத்து டாக்டரிடம் சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார், வீடே இவளைப் பொறாமைக்காரி என்று தூற்றும். அப்படி இல்லை என்று காட்டுவதற்காகவே குத்திவிடலாமா என்றுகூட ஊசியை எடுத்தாள். எடுத்ததை அப்படியே கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போனாள்.

"பெரிய ஆஸ்பத்திரியில சோதிச்சு, அவங்க சரின்னாத்தான் போட முடியும்" என்றார் டாக்டர்.

"அதுக்குள்ள விமானம் போயிடுமே!" என்றாள் பின்னாலேயே வந்து நின்ற தங்கை.

"உயிர் போறதுக்கு அது தேவலைம்மா."

தங்கை அக்காவிடம் திரும்பினாள். "இப்ப உனக்கு வயிறு குளிர்ந்துச்சா?" பதிலுக்கு நிற்காமல் அழுதுகொண்டே வெளியேறினாள்.

மற்றவர்களுக்குப் போட்டு முடித்ததும் குப்பியில் ஒரு ஆளுக்கான மருந்து மிச்சம் இருந்தது. கலக்கிய மருந்தை எடுத்து வைக்க முடியாது.

"கொட்டுறதுக்கு நீங்களே போட்டுக்குங்க சிஸ்டர்" என்றார் டாக்டர். "என்னைக்காவது எங்கயாவது போக வேண்டி வந்தா உதவும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கயாவது போக என்று அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. சட்டைக் கையைச் சுருட்டினாள். டாக்டரே குத்தினார். மஞ்சள் அட்டையும் எழுதட்டுமா என்று கேட்டார். எழுதுங்க என்றாள், கொஞ்சம் அவசரமாகவே. இந்த ஒன்றையாவது தங்கைக்கு விட்டுக்கொடுக்கவில்லை என்பதில் அவளுக்கு வெட்கமே இல்லை. சொல்லப்போனால் இனித்தது.

பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. முகம் கழுவிக்கொண்டு தங்கை திரும்பி வந்திருந்தாள்.

"அக்கா, கோவத்துல ஏதோ உளறிட்டேன். அன்னைக்கும் நீதான் தூக்கிட்டு ஓடினே, இன்னைக்கும் நீதான்..."

அவள் கண் சுருட்டிய சட்டைக் கைக்குப் போனது, பஞ்சுக்குப் போனது, மேஜைமேல் மை காயாத அட்டைக்குப் போனது.

"எனக்கு எடுத்து வெச்சதா?"

"இல்லடி... கொட்டப் போறாங்களேன்னு..."

தங்கை கத்தவில்லை. அக்காவின் சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைக்கூட மாட்டிவிட்டாள்.

"சரிக்கா" என்றாள். "நீயாவது பத்திரமா போய்ட்டு வா."