பதினேழாவது கிளிப்பில் தட்டிய கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கற்பனை கம்மி. கல்லூரியில் ஒரு பக்கக் கதை எழுதச் சொன்னபோது பக்கத்து பெஞ்சுக்காரியைக் காப்பி அடித்து மாட்டிக்கொண்டவள் நான். அதனால் இதை நான் ஜோடித்துச் சொல்ல முடியாது. போன வருடம் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் இது நடந்தது. யாருக்கு எப்போது போன் செய்தேன் என்பதெல்லாம் நிமிடக் கணக்கில் என் போனில் அப்படியே இருக்கிறது.

பேய் இருக்கிறது என்று நிரூபிக்க இதை எழுதவில்லை. மாடம்பாக்கத்தில் சவுரிமுத்து என்று ஒருவர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் உயிர் பதினோரு நிமிடம் என் கையில் இருந்தது. அந்தப் பதினோரு நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் ரோஹிணி. வீடு ஊரப்பாக்கம். விஸ்காம் கடைசி வருடம் படித்துக்கொண்டே, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு குறும்பட விழா அலுவலகத்தில் இன்டர்னாகச் சேர்ந்திருந்தேன். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஓர் அறை. இரண்டு கம்ப்யூட்டர், சுருட்டி வைத்த பழைய பேனர்கள், சத்தம் மட்டும் கொடுக்கும் ஒரு ஃபேன். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார முடியாத என்னிடம் போய் எடிட்டிங் வேலையைக் கொடுத்திருந்தார்கள். யார் செய்த பாவமோ தெரியவில்லை.

வேலை இதுதான். விழாவுக்கு ஒரு ப்ரோமோ வீடியோ. தாம்பரம் சுற்றுவட்டாரத்து ஆட்கள் பதினேழு பேர், ஆளுக்கு ஒரு வரி சொல்லி விழாவுக்குக் கூப்பிடுவார்கள். எங்கள் கேமராமேன் சம்பத் அண்ணா பத்து நாள் முன்பே கீழ்க்கட்டளை, ஊரப்பாக்கம், மாடம்பாக்கம் என்று பைக்கில் சுற்றி எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டார். நான் அவற்றை வெட்டி ஒட்டி, பெயர் போட்டு, இரவு எட்டு மணிக்கு எங்கள் பேஜில் ஏற்ற வேண்டும்.

விழாவை நடத்தும் சுபத்ரா மேடம், போஸ்டர் அச்சாகும் இடத்தைப் பார்க்கப் பல்லாவரம் கிளம்பினார்.

"ரோஹிணி, எட்டு மணின்னா எட்டு மணி. ஒன்பது ஆச்சுன்னா யாரும் பாக்க மாட்டாங்க."

"ஆயிடும் மேடம்."

"உக்காந்து பண்ணு. சும்மா எழுந்து எழுந்து போகாத."

அவர் படியிறங்கியபோது மணி 5.30. அப்போதுதான் மழை பிடித்தது. மாடியில் நான் மட்டும்தான்.

இங்கே கிளாப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். படத்தை ஒரு கருவியிலும் குரலை இன்னொரு கருவியிலும் பதிவு செய்தால், பிறகு இரண்டையும் பொருத்த ஓர் அடையாளம் தேவை. அதற்காக ஷாட் ஆரம்பிக்கும்போது கேமரா முன்னால் ஒரு தட்டு தட்டுவார்கள். பெரிய படம் என்றால் அதற்குக் கட்டை உண்டு. எங்களைப் போன்ற ஏழைகளுக்கு வெறும் கைதான். எடிட் செய்கிறவர்கள் யாரும் இந்தக் கிளாப்பை உட்கார்ந்து பார்ப்பதில்லை. வெட்டித் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். நானும் முதல் இரண்டு கிளிப்பில் அதைத்தான் செய்தேன்.

மூன்றாவது கிளிப். கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப். காலை வெயில். ஒரு கல்லூரிப் பையன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். இடது பக்கத்திலிருந்து இரண்டு கைகள் உள்ளே வந்தன. ஒரு பெண்ணின் கைகள். பச்சை ஜாக்கெட்டின் ஓரம் தெரிந்தது. டப்... டப்.

இரண்டு தட்டு. எப்போதும் ஒன்றுதானே தட்டுவார்கள் என்று நிறுத்திப் பார்த்தேன். அந்தக் கையில் கறுப்பு வார் போட்ட வாட்ச். அதில் மணி 5.47.

காலை பத்து மணிக்கு எடுத்த ஷாட் அது. சரி, பேட்டரி போன வாட்ச் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு சும்மா திரையின் மூலையைப் பார்த்தேன். என் கம்ப்யூட்டரிலும் மணி 5.47.

தற்செயல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எட்டாவது கிளிப், ஊரப்பாக்கம் ஸ்டேஷன். பூக்காரம்மா ஒருவர். அதே கைகள். டப்... டப். வாட்சில் 6.05. திரையிலும் 6.05.

கை ஈரமாக இருந்தது. மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆனால் அந்த ஷாட்டில் கண் கூசுகிற வெயில். பூக்காரம்மா கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு பேசுகிறார்.

மழை என் ஜன்னலுக்கு வெளியேதான் பெய்துகொண்டிருந்தது.

எனக்கு உட்காரவே முடியவில்லை. அறைக்குள் நாலு நடை நடந்தேன். கதவைத் திறந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்து, வெட்டிப் போட்ட மூன்றாவது கிளிப்பை மறுபடி எடுத்து ஓட்டினேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

அதே பையன். அதே வெயில். அதே கைகள்.

வாட்சில் 5.47 இல்லை. 6.11.

என் போனை எடுத்துப் பார்த்தேன். 6.11.

கீழே இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் எட்டு மணிக்கு வீடியோ போக வேண்டும். இன்டர்ன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். பயத்தைவிட மேடத்தின் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது. கிளாப்பைப் பார்த்தால்தானே பிரச்சினை என்று, ஒவ்வொரு கிளிப்பின் ஆரம்பத்திலும் திரையின் இடது பக்கத்தை இடது கையால் பொத்திக்கொண்டு, வலது கையால் வெட்டினேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கவில்லை.

6.41. கடைசி கிளிப். பதினேழாவது. மாடம்பாக்கம், ஒரு வீட்டு வாசல்.

கையால் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். தட்டு வரவில்லை. ஒரு பெரியவர் மட்டும் நின்றார். கீழே பெயர் போடுவதற்காகச் சம்பத் அண்ணா எழுதி அனுப்பிய பட்டியலில் பார்த்தேன். சவுரிமுத்து, 66.

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தலையைக் கையாலேயே வாரிக்கொண்டார். "சினிமா பாக்க வாங்கப்பா! டிக்கெட்டே கெடையாது. நானும் வரேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு பல் இல்லாத சிரிப்பு சிரித்தார். பதினேழு பேரில் அவர்தான் அழகாகப் பேசினார். நானும் சிரித்துவிட்டேன். பொத்திய கையை எடுத்தேன்.

அப்போது கைகள் வந்தன. கடைசியில்.

டப்... டப்.

சவுரிமுத்து சார் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கிளிப் முடிந்தது.

வாட்சில் 6.52.

இப்போது மணி 6.41.

மறுபடி ஓட்டினேன். 6.52. இன்னொரு தடவை. 6.52. மற்ற கிளிப்பில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த வாட்ச் இதில் மட்டும் நின்றிருந்தது. நொடி முள்ளும் அசையவில்லை.

6.44. சம்பத் அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, ஷூட்ல கிளாப் தட்டின அக்கா யாரு?"

"எந்த அக்கா? இன்னா கிளாப்பு?"

"பச்சை ஜாக்கெட். கையில வாட்ச்."

"இன்னாமா ஒளர்ற? நான் தனியாத்தான போனேன். மைக்க நேரா கேமராவுலயே சொருவிட்டேன். கிளாப்பே தேவையில்லையே."

திரையில் அந்த 6.52 அப்படியே நின்றது.

"அண்ணா... கிளாப்பைக் கடைசியில தட்டினா என்ன அர்த்தம்?"

"எண்ட் கிளாப்பா? மொதல்ல தட்ட மறந்துட்டா கடைசியில தட்டுவோம். ஷாட்டு முடிஞ்சிச்சுன்னு அர்த்தம். ஏன், அங்க இன்னா நடக்குது?"

போனை வைத்துவிட்டேன்.

முடிந்துவிட்டது... யாருக்கு?

வீடியோவில் வருகிற எல்லோரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கியிருந்தோம். ஃபைல் அலமாரியில் இருந்தது. அதில் போன் நம்பர் இருக்கும். ஃபைலைத் தேடி எடுத்தேன். தாள்கள் கீழே கொட்டின. பொறுக்கினேன். கடைசித் தாள் அவருடையது.

6.48. அழைத்தேன். நாலாவது ரிங்கில் எடுத்தார்.

"யாரும்மா?"

"சார், ஃபெஸ்டிவல் ஆபீஸ்லேர்ந்து ரோஹிணி. உங்க வீடியோ..."

"ஆங்! சொல்லு பாப்பா. என் மூஞ்சி வருதா?"

"வருது சார். நல்லா வந்திருக்கு." என்ன கேட்பது என்றே தெரியவில்லை. "சார், அன்னிக்கு ஷூட் பண்ணும்போது... கை தட்டினது யாரு?"

"அந்தப் பச்ச ரவிக்க அம்மாவா? உங்க ஆளுதான அது?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இப்பக்கூட வந்துகீதே. ஜன்னலாண்ட தெரியுது பாரு. கேட்டுக்கு வெளிய, மழையில நனைஞ்சிகினு நிக்குது. நீதான் அனுப்பிச்சியா?"

"யா... யாரு சார்?"

"இரு, கேட்டுட்டு சொல்றேன்."

கட்டில் கிறீச்சிட்ட சத்தம். கொஞ்சம் முனகல். செருப்புச் சத்தம். மெதுவாக. ஒரு காலை இழுத்து இழுத்து வைப்பதுபோல.

திரையின் மூலையில் 6.50.

மழைச் சத்தம் பெரிதானது. வெளியே வந்துவிட்டார். எங்கோ ஒரு வண்டி பின்னால் வரும் பீப்... பீப்... பீப்.

6.51.

"சார், போகாதீங்க!"

"இன்னாது? கேக்கல பாப்பா. தண்ணி லாரி சத்தம்..."

"போகாதீங்க சார்! உள்ள போங்க!"

கேட் திறந்தது.

"இன்னாம்மா வோணும்?" என்றார். என்னிடம் அல்ல.

அப்புறம்...

டப்.

டப்.

6.52.

போனில் மழை மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து யாரோ அலறினார்கள். அழைப்பு துண்டானது.

படிகளை எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. மேடம் வரும்வரை ஜெராக்ஸ் கடையில்தான் நின்றுகொண்டிருந்தேன். அன்று எட்டு மணிக்கு வீடியோ போகவில்லை. மறுநாள் சம்பத் அண்ணாவும் மேடமும் என் பக்கத்தில் உட்கார்ந்து பதினேழு கிளிப்பையும் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றில்கூடக் கை இல்லை. தட்டும் சத்தமும் இல்லை. சவுரிமுத்து சார் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

அவர் போன் அணைந்தே கிடந்தது. ஃபைலை எடுக்க வீணாக்கிய நிமிடங்களை நினைத்து நினைத்து இரண்டு நாள் அழுதேன். இன்னும் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டிருந்தால், இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தியிருந்தால் என்று அதே எண்ணம்தான். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சம்பத் அண்ணா என்னை பைக்கில் மாடம்பாக்கம் அழைத்துப் போனார். தெரு முனையிலேயே சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் அவர் படம். வண்டியிலிருந்து இறங்க எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணாதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

அவர் மகள் செல்வமேரி அக்கா எங்களை உட்கார வைத்தார். நான் யார் என்று சொன்னதும் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கோபப்படவில்லை.

"தண்ணி லாரி ரிவர்ஸ்ல வந்துச்சு. கேட்டாண்ட நின்னுகினு இருந்தாரு, அடிச்சிடுச்சு" என்றார். "எதிர் வூட்டு கேமராவுல பாத்தோம். யாருமே இல்ல. அப்பா மட்டும் தனியா நின்னுகினு யார்கிட்டயோ பேசுறாரு. சட்டைய இழுத்து வுட்டுக்குறாரு. தலைய வாரிக்கிறாரு. போட்டோ புடிக்கும்போது நிப்பாரே, அப்டி."

சம்பத் அண்ணா மெல்லக் கேட்டார். "டிரைவரு இன்னா சொல்றாரு?"

"பின்னாடி யாரோ லாரி பாடியில ரெண்டு தட்டு தட்டுனாங்களாம். கிளீனர் பையன் தட்டுனா 'வரலாம்'னு அர்த்தமாம். அத நம்பித்தான் வண்டிய எடுத்தேன்னு ஸ்டேஷன்ல அழுவுறாரு." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கிளீனரு அன்னிக்கி வேலைக்கே வரல."

நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நேரத்தோடு கூப்பிடாமல் விட்டதற்கு.

"அக்கா... நான் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போன் பண்ணியிருந்தா..."

"நீ இன்னா பண்ணுவ, வுடும்மா." அவர் என் கைமேல் கை வைத்தார். கை சில்லென்று இருந்தது. "கால்ல சக்கர வியாதிப் புண்ணு அவருக்கு. காலத் தரையில வெக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஒரு வாரமா கட்டில வுட்டு எறங்கல. எல்லாம் நான்தான் எடுத்துக் குடுப்பேன். ஜன்னல் வழியா யாரு கூப்ட்டாலும் படுத்துகினேதான் பதில் சொல்லுவாரு."

என் கைமேலிருந்து கையை எடுத்தார்.

"அன்னிக்கி உன் போன் வந்துச்சுல்ல... அப்பத்தாம்மா எழுந்து போனாரு."