கோணலாகவே இருக்கட்டும்

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். இரண்டு வருடம் முன்பு, புரட்டாசியில், வீட்டு முன்புறம் கொட்டகை போட்டு, கூரை விளிம்பில் மழைநீர் வடிய இருபது அடிக்குத் தகர வாய்க்காலும், அதன் ஒரு கோடியில் தண்ணீர் கீழே இறங்கக் குழாயும் மாட்டினோம். மாட்டியவர் என் கணவர். வயலில் தண்ணீர் எங்கும் ஒரே அளவாக நிற்க வேண்டும் என்று மட்டம் பார்த்தே பழகியவர். ரசமட்டம் வைத்து, இம்மி பிசகாமல் நேராக மாட்டினார்.

"குழாய் இருக்கிற பக்கம் கொஞ்சம் வாட்டம் வேணும்ங்க" என்றேன்.

"முப்பது வருசமா வயலுக்கு மட்டம் பாக்குறேன், எனக்கே சொல்லித் தர்றியா? சரிச்சு மாட்டுனா தெருவே சிரிக்கும்" என்றார். வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

முதல் பெருமழையில் தண்ணீர் குழாய்க்குப் போகாமல் நாற்றங்காலில் நிற்பதுபோல் நின்றது. பிறகு நடுவில் உள்பக்கமாக வழிந்து, இரண்டாம் போகமான தாளடிக்குக் கொட்டகையில் வைத்திருந்த விதைநெல் மூட்டைகள்மேல் கொட்டியது. இருவரும் ஓடி இழுத்ததால் நஷ்டம் ஒரு மூட்டையோடு போயிற்று.

மழை விட்டதும் நானே ஏணியில் ஏறினேன்.

"இறங்கு, நான் பாத்துக்குறேன்."

"நீங்க பாத்தது போதும். ஏணியைப் பிடிங்க."

நூல் கட்டி, பத்தடிக்கு அரை அங்குலம் குழாய்ப் பக்கம் இறங்கும்படி கொக்கிகளை மாற்றினேன். மறுகோடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். நிற்காமல் ஓடியது.

இப்போது ஒவ்வொரு புரட்டாசியிலும் குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகுதான் மூட்டைகளை அடுக்க விடுகிறேன். "என்னங்க, கோணலா இருக்கே?" என்று யாராவது கேட்டால், "ஆமா, கோணல்தான். விதைநெல்லைத் தொட்டுப் பாத்துட்டுச் சிரிங்க" என்கிறேன்.