தனுஷ்கோடியில் பிரித்த கவுன்

கடையில் மகளுக்கு எடுத்த கவுனின் கஞ்சி வாசனை, கடல் கொண்டுபோன தனுஷ்கோடியின் சுங்கக் கொட்டகைக்கு என்னை இழுத்துப்போனது. கொழும்பிலிருந்து ரயிலும் கப்பலுமாய் வரும் பெண்களைச் சோதிப்பது என் சின்னம்மாவின் வேலை. ரவிக்கைக் கை, பாவாடை விளிம்பு என்று தங்கம் தேடி அவள் விரலால் நெருடிக்கொண்டே போக, சின்னப் பெண்ணாய்ப் பக்கத்தில் நிற்கும் நானும் எல்லாரையும் திருடிகளாகவே பார்ப்பேன்.

ஒருநாள் ஒரு சிறுமியின் கஞ்சி மணக்கும் புதுக் கவுன் விளிம்பு தடித்திருந்தது. "வளர வளரப் பிரிச்சுவிட மடிச்சுத் தச்சிருக்கேன் தாயி" என்றாள் அவள் அம்மா.

"இம்புட்டு மடிப்பா? உள்ள என்னமோ இருக்கு" என்று சின்னம்மா கடைசி மடிப்புவரை பிரித்தாள். தங்கம் இல்லை. கவுன் மட்டும் இறங்கித் தரையைத் தொட்டது. பெரியவளானதும் போட வேண்டிய உடுப்புக்குள் அந்தச் சிறுமி நின்றாள்.

தையற்கலை படிக்க ஏன் வந்தாய் என்று கல்லூரியில் கேட்டபோது இதைத்தான் சொன்னேன்.

மகளின் கவுன் விளிம்பை நெருடிப் பார்த்தேன். வளர்வதற்கு ஒரு விரல் துணிகூட விடவில்லை, திருட்டுப் பயல்கள்.